அச்சமும் அபயமும்

பேய்ப்படம் பார்க்கும் பேரப்பிள்ளைகள் கண்களைக் கைகளால் மூடிக்கொள்கின்றனர். ஆயினும் விரலிடுக்கு வழியே பார்ப்பதை விடுவதில்லை. காசு கொடுத்து அச்சத்தை வாங்குவானேன் என்று வீட்டுப் பெரியோர் வியப்பதுண்டு.

இவ்விருப்பம் இன்று தோன்றியதன்று. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு என்று வகுத்தது. பரத முனிவரின் நாட்டிய சாத்திரமோ அச்சத்தைப் 'பயானகம்' எனச் சுவைகளுள் ஒன்றாகவே எண்ணியது.

அஞ்சத்தக்கது சுவையாவது எங்ஙனம்? நாட்டிய சாத்திரத்துக்கு உரை வகுத்த காச்மீரத்து அபிநவகுப்தர், காளிதாசரின் சாகுந்தலத்தில் துஷ்யந்தனின் அம்புக்கு அஞ்சி ஓடும் மானை எடுத்துக்காட்டாகக் கொண்டார். அவையில் இருப்போரை அம்பு தொடாது. ஆனால் மானின் நடுக்கம் அவர்தம் நெஞ்சைத் தொடும். 'எனக்கு நேர்ந்தது' என்னும் பற்று நீங்கியமையால் அவ்வச்சம் துன்பமாகாது சுவையாகின்றது.

உடலும் இதற்குத் துணை நிற்கின்றது. மயிர்க்கூச்செறிதல், நடுக்கம், குரல் தழுதழுத்தல், கண்ணீர் ஆகியவை அச்சத்திலும் தோன்றும், பேரானந்தத்திலும் தோன்றும். திகில் காட்சியில் சிலிர்க்கும் அதே மேனிதான் கருவறைத் திரை விலகும் கணத்திலும் சிலிர்க்கின்றது.

தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடைபெறும் பாகவத மேளாவில் இதனைக் கண்கூடாகக் காணலாம். அங்கே நடிக்கப்பெறும் பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மர் அணியும் முகம் பூசனைக்குரியது. அதனைத் தரிப்பவர் விரதமிருந்தே தரிப்பார். சிங்கமுகம் தோன்றி, ஆவேசம் மிகுந்தவரைப் பிறர் தாங்கிப் பிடிக்கும்போது கூட்டம் நடுங்குகின்றது. பிரகலாதன் காக்கப்படுவான் என்பதை அறியாதார் அங்கு ஒருவருமிலர். ஆயினும் நடுக்கம் குறைவதில்லை. முடிவு தெரிந்திருப்பதனாலேயே தயங்காது நடுங்க முடிகின்றது.

பேய்ப்படத்தின் அச்சம் விளக்கு எரிந்ததும் கலைந்துவிடும். சில வேளை படுக்கை வரை தொடர்ந்து வந்து பிள்ளையின் உறக்கத்தையும் கெடுக்கும். பாகவதம் காட்டும் அச்சமோ போய்ச் சேருமிடம் உடையது. இரணியனை வதைத்த பின்னரும் சீற்றம் தணியாத பெருமானை நெருங்கப் பிரமன் முதலான தேவர்கள் அஞ்சினர், திருமகளும் தயங்கினாள். சிறுவன் பிரகலாதனே மெல்லச் சென்று அடிபணிந்தான். அவன் தலைமேல் அபயக்கரம் அமர்ந்தது.

அப்போது அவன் விண்ணப்பித்த சொல் முதுமையில் உள்ளோர் சிந்தைக்கு உரியது. பெருமானின் கொடிய வாய்க்கோ, கனல் விழிக்கோ, பிடரிமயிருக்கோ தான் அஞ்சவில்லை என்றான். பிறவிச் சுழலுக்கே அஞ்சுவதாகவும், திருவடியில் தன்னை அழைத்துக்கொள்ளும் நாள் எந்நாளோ என்றும் கேட்டான். அஞ்ச வேண்டியது எது, அஞ்ச வேண்டாதது எது என்பதை அக்குழந்தை பிரித்தறிந்திருந்தது.

படம் பார்த்து உறங்க அஞ்சும் பேரப்பிள்ளையைப் பெரியோர் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. அருகே அமர்த்தித் தூண் பிளந்த கதையைத் தொடங்கலாம். பிள்ளை நடுங்கும் இடத்தில் நிறுத்திவிடாமல், தலைமேல் கை அமரும் இடம் வரை சொல்லி முடித்தல் வேண்டும்.