சொட்டும் குழாயை மூடாதீர்கள்



சென்னையில் இதுவரை பதிவான மிகக் கடுங்குளிரே 13.9 டிகிரிதான். ஆகவே குழாய்க்குள் நீர் உறைந்துபோகும் என்றால் நமக்கு அது கதைபோலத் தோன்றும். ஆனால் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ அனுப்பிவிட்டு, பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாதம் அங்கே போய்த் தங்கும் பெற்றோர் எத்தனை பேர்! அவர்களுக்காகவே இம்மாதம் இதை எழுதுகிறேன்.

நம் பங்கைச் சேர்ந்த தாயார் ஒருவர், கொரோனாக் காலத்தில் ஊர் திரும்ப இயலாமல், 2021 பிப்ரவரியில் டல்லாஸில் மகன் வீட்டில் இருந்தார். டெக்சாஸ் மாநிலம் நம்மைப்போல வெயிலுக்குப் பழகிய பூமி. அங்கே பல வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் கூரையடியிலும் வெளிச்சுவரிலும் போதிய குளிர்காப்பு இன்றியே செல்கின்றன. அவ்வாண்டு வந்த பனிப்புயலில், பிப்ரவரி 16ஆம் நாள், டல்லாஸில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 19 டிகிரி வரை இறங்கிற்று. மாநிலத்தில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்களில் மின்சாரம் நின்றது. 200க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

மகன் இரவில் சமையலறைக் குழாயைச் சிறிதே சொட்டவிட்டுப் படுத்தார். நள்ளிரவில் தாயார் எழுந்து வந்தார். 2019 கோடையில் நம் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்றவர் அவர். சொட்டும் குழாயைக் கண்டால் கை சும்மா இருக்குமா? இறுக மூடிவிட்டார். இரண்டு நாள் கழித்து வெயில் ஏறியதும் சுவருக்குள்ளிருந்து நீர் கொட்டத் தொடங்கிற்று.

"தண்ணீரைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேன் சாமி, வீட்டைக் கெடுத்துவிட்டேன்" என்று கண்கலங்கினார். மகன் இன்றுவரை ஒரு சொல் கடிந்து பேசவில்லையாம். அதுதான் அவரை அதிகம் வருத்துகிறது.

நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கிறது. ஆயினும் பனிக்கட்டி அடைத்த இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்பதில்லை. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் இடையே சிக்கிய நீர், போக வழியின்றி அழுத்தம் ஏறி வெடிக்கிறது. குழாய் சற்றே திறந்திருந்தால் அவ்வழுத்தம் தணிந்துவிடும். சொட்டவிடுவது இதற்காகத்தான், அது வீண் செலவன்று. பூஜ்யத்துக்குக் கீழே 6, 7 டிகிரி என்றால், அதாவது அவர்களுடைய ஃபாரன்ஹீட் கணக்கில் 20 என்றால், எச்சரிக்கையாயிருங்கள். தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தால் அறையின் வெப்பம் குழாயைச் சென்றடையும்.

திறந்தும் நீர் வராவிட்டால் உறைந்துவிட்டது என்று பொருள். குழாயைத் திறந்தபடியே விட்டு, வெந்நீரில் நனைத்த துணியாலோ தலைமுடி உலர்த்தும் கருவியாலோ வெப்பமூட்டுங்கள். குழாய் வாய்ப்பக்கம் தொடங்கி உள்நோக்கிச் செல்லவேண்டும். தீயைக் காட்டவே கூடாது. விரிசலைப் பனிக்கட்டியே அடைத்திருக்குமாதலால், உருகிய பின்னரே கசிவு வெளிப்படும். கசிவைக் கண்டால் முதலில் மெயின் வால்வை மூடுங்கள். பிறகு ஆளைக் கூப்பிடலாம்.

இன்னொன்று. மின்சாரம் இல்லையென்று கரியடுப்பை வீட்டுக்குள் மூட்டாதீர்கள். அந்தப் புயலில் நச்சுப்புகையாலும் உயிர்கள் போயின.

அந்தத் தாயார் வருகிற மார்கழியில் மறுபடியும் புறப்படுகிறார். வந்து இறங்கியதும் மெயின் வால்வு எங்கே என்று காட்டவேண்டும் என மகனிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.