'இந்தக் கணினிக்கு விண்டோஸ் 11 கிடையாது': புது லேப்டாப் வாங்கும் முன் பார்க்க வேண்டிய 4 விஷயங்கள்

முதல் வேலையில் சேர்ந்தபோது இ.எம்.ஐ. போட்டு வாங்கிய லேப்டாப். இன்றும் எக்செல் திறக்கிறது, வீடியோ கால் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்று பார்த்தால், தகுதி இல்லை என்கிறது திரை. உடனே கடைக்குப் போகணுமா? அவசரப்படாதீங்க. அந்த மெசேஜுக்குப் பின்னால் செட்டிங்கில் சரியாகும் காரணமும் இருக்கலாம், சரியாகவே ஆகாத காரணமும் இருக்கலாம்.

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

2015 ஜூலை 29-ல் வெளியான விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. கணினி நின்றுவிடவில்லை, இலவசப் பாதுகாப்பு அப்டேட்தான் நின்றது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் திறந்தே இருக்கும். நெட்பேங்கிங்கும் வருமான வரிக் கணக்கும் அதே கணினியில்தான் என்றால், இது சின்ன விஷயம் இல்லை.

1. பிராசஸரா, செட்டிங்கா?

இன்டெல் என்றால், பிராசஸர் பெயரில் ஐ3, ஐ5, ஐ7-க்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். 8250யு என்றால் 8-ம் தலைமுறை, பட்டியலில் உண்டு. 7200யு என்றால் 7-ம் தலைமுறை, இல்லை. சில விதிவிலக்குகள் தவிர, கோடு 8-ல்தான் விழுகிறது. 2018-ல் வாங்கிய இரண்டு லேப்டாப்களில் ஒன்று தேறி, மற்றொன்று தோற்பது இதனால்தான்.

பிராசஸர் தேறியும் மெசேஜ் வருகிறதா? டி.பி.எம். 2.0 அணைந்திருக்கலாம். பயாஸில் இன்டெலில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். என்றும் இருக்கும். ஆன் செய்தால் போதும்.

2. டிஸ்க்கும் பூட் முறையும் ஜோடி

'லெகசி' முறைக்கு எம்.பி.ஆர். டிஸ்க், 'யு.இ.எஃப்.ஐ.' முறைக்கு ஜி.பி.டி. டிஸ்க். விண்டோஸ் 11 கேட்பது இரண்டாவது ஜோடியை. பயாஸில் முறையை மட்டும் மாற்றிவிட்டு டிஸ்க்கை அப்படியே விட்டால், அடுத்த முறை விண்டோஸ் பூட் ஆகாது. பயப்பட வேண்டாம், ஃபைல்கள் போகவில்லை. பழைய முறைக்கே திருப்பினால் பெரும்பாலும் மீண்டும் வந்துவிடும். ஃபைல்களை அழிக்காமல் டிஸ்க்கை மாற்ற விண்டோஸிலேயே 'எம்.பி.ஆர்.2ஜி.பி.டி.' என்ற கருவி இருக்கிறது. முதலில் அது, பிறகு பயாஸ். பேக்கப் எடுக்காமல் இரண்டையும் தொடாதீங்க.

3. 48 இலக்க சாவி கையில் இருக்கா?

பயாஸில் கை வைத்ததும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். நீங்கள் ஆன் செய்யாமலேயே சில லேப்டாப்களில் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணும் இல்லை, பேக்கப்பும் இல்லை என்றால், தரவை மீட்க வழியில்லை.

4. பிராசஸரே பழசு என்றால்?

தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால், 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். செட்டிங்குகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் கட்டணம் இல்லை. ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐ.டி. பிரிவிடம் கேளுங்கள்.

இன்னொரு வழி, லினக்ஸ். உபுண்டு அல்லது மின்ட்டை பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, பிரிண்டர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்று கடையில் சொல்வார்கள். அது ஓடலாம். ஆனால் அத்தகைய கணினிக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. நாம் மாற நினைத்ததே அந்த அப்டேட்டுக்காகத்தானே?