சைரஸ் - டிரம்ப் நாணயம்

ராஜாக்கள் தங்கள் முகத்தைத் தாங்களே நாணயத்தில் அடித்துக் கொள்வது வெகு காலமாய் இருந்து வருகிற வழக்கம். குடிகள் உப்பு வாங்கினாலும் புளி வாங்கினாலும் தன் முகத்தைத் தடவிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்கிற ஆசை எந்த ராஜாவுக்கும் இருக்கக் கூடியதேயாகும். ஆனால் தன் தேசத்தை ஆளாத, தன் தேசத்தில் பிறக்காத ஒரு அன்னிய தேசத்துத் தலைவரின் முகத்தை அடித்து, அவர் இன்னும் பதவியில் இருக்கும்போதே அதை அவருக்குக் காணிக்கையாக்கி, “இது சிநேகத்தின் அடையாளம்” என்று சொல்லிக் கொள்ளுவது ஒரு தனி வித்தையாகும். இப்பேர்ப்பட்ட வித்தைகளில் ஒன்றைப் பற்றியே இன்று எழுதத் துணிகிறோம்.

2018ஆம் வருஷத் தொடக்கத்தில் இஸ்ரேல் தேசத்திலுள்ள மிக்தாஷ் கல்வி நிலையம் என்கிற மத ஸ்தாபனத்தார் 1000 நாணயங்கள் அடித்து வெளியிட்டார்கள். அதன் ஒரு பக்கத்தில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்பின் முகமும், அதோடு சேர்த்துப் பாரசீகத்து ராஜாவாகிய சைரஸின் முகமும் இருக்கின்றன. மற்றொரு பக்கத்தில் ஜெருசலம் நகரத்து யூதர் கோவில் இருக்கிறது. இந்த நாணயத்துக்கு “அரைச் சேக்கல்” என்று பெயர். கடைக்குப் போனால் இது செல்லாது. இதை அடித்தது சர்க்காரும் அல்ல. குறைந்தது 50 டாலர் நன்கொடை கொடுப்பவர்களுக்கு ஒன்று கிடைக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. 1917இல் பாரசீகத்தையும் பாபிலோனையும் பற்றிக் கவலைப்படாத பால்பர் பிரபு ஒரு கடிதத்தினால் செய்த உபகாரத்தைப் போல், 2017 டிசம்பர் 6ந் தேதி ஜெருசலத்தை இஸ்ரேலின் தலைநகரம் என்று டிரம்ப் ஒப்புக் கொண்டதற்கு இது நன்றிக் கடனாம்.

இதில் சைரஸ் எங்கிருந்து வந்தார் என்று வாசகர்கள் கேட்கலாம். தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு அவரைக் கோரேஸ் என்று சொன்னால் விளங்கும். கி.மு. 539இல் அவர் பாபிலோனைப் பிடித்து, அங்கே சிறையிருந்த யூதர்களைத் தங்கள் ஊருக்குத் திரும்பிப் போகவும், இடிக்கப்பட்ட கோவிலை மறுபடி கட்டவும் அனுமதித்தார் என்பது யூதர் வேதத்தின் கதை. அந்நியனாயிருந்தும், தங்கள் கடவுளை அறியாதவனாயிருந்தும், அந்தக் கடவுளே அவரைத் தெரிந்தெடுத்து அபிஷேகம் செய்ததாக ஏசாயாவின் புஸ்தகம் சொல்லுகிறது. நல்லது. ஆனால் சைரஸ் தானே செய்து வைத்த ஒரு சாசனமும் இருக்கிறது. களிமண் உருளையில் எழுதப்பட்ட அந்தச் சாசனம் 1879இல் பாபிலோன் மண்ணில் தோண்டி எடுக்கப்பட்டு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்றால், பாபிலோன் ஜனங்களின் பெரிய தெய்வமாகிய மார்துக் உலகமெல்லாம் நல்ல ராஜாவைத் தேடிப் பார்த்து, சைரஸின் கையைப் பிடித்து அழைத்து வந்து, சண்டையில்லாமலே பட்டணத்துக்குள் நுழைய வைத்தாராம்! யூதர்களைப் பற்றியோ ஜெருசலத்தைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

ஆகவே ஜெருசலத்துக்காரர்களிடம் யெகோவா அனுப்பிய ஆளாகவும், பாபிலோன் புரோகிதர்களிடம் மார்துக் அனுப்பிய ஆளாகவும் ஒரே ஆள் ஒரே சமயத்தில் இருந்திருக்கிறார். சைரஸ் கெட்டிக்கார ராஜா. பிடித்த ஊர்களைக் கலகமில்லாமல் ஆள வேண்டுமானால் அந்தந்த ஊர்க் கோவிலையும் அந்தந்த ஊர்ப் புரோகிதரையும் கைக்குள் போட்டுக் கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இந்த ராஜதந்திரத்தில் தெய்வச் செயல் எங்கே இருக்கிறது என்று நமக்கு விளங்கவில்லை.

இனி அந்த “அரைச் சேக்கல்” என்கிற பெயரைக் கவனிப்போம். யாத்திராகமத்தில் விதிக்கப்பட்ட கோவில் வரி அது. பணக்காரன் அதற்கு மேல் கொடுக்க வேண்டாம், ஏழை அதற்குக் குறைத்தும் கொடுக்கக் கூடாது என்பது விதி. (மதங்கள் சமத்துவத்தைக் கைக்கொள்ளுகிற இடங்களில் வரி வாங்குகிற இடமும் ஒன்று போலும்!) யூத மதத்தில் விக்கிரகம் கூடாது, உருவம் செதுக்கக் கூடாது என்பது கண்டிப்பான கட்டளை என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் ரோமர் காலத்தில் ஜெருசலம் கோவிலார் இந்த வரியை எந்த நாணயத்தில் வாங்கினார்கள் தெரியுமா? தமிழ் பைபிளில் தீரு என்று சொல்லப்படுகிற டையர் பட்டணத்து வெள்ளிச் சேக்கலில் வாங்கினார்கள். அதன் ஒரு பக்கத்தில் டையர்காரர்களின் தெய்வமாகிய மெல்கார்த்தின் தலையும், மறுபக்கத்தில் ஒரு கழுகும் இருந்தன. அன்னிய தெய்வத்தின் உருவம் கோவில் பெட்டிக்குள் விழுவதைப் பற்றி ஒருவரும் மூர்ச்சை போட்டு விழவில்லை. காரணம், அந்த நாணயத்தில் வெள்ளி சுத்தமாய் இருந்தது. வெள்ளி சுத்தமாய் இருந்தால் விக்கிரகத்தின் தோஷம் போய்விடும் என்பது அன்றைய சாஸ்திரம். தலைநகரம் கிடைத்தால் டிரம்பின் முகத்திலும் தோஷமில்லை என்பது 2018இன் சாஸ்திரம்.

“ஏதோ ஒரு சிறு கூட்டம் பணம் சேர்க்க ஆயிரம் வில்லைகள் அடித்தால் அதற்கு ஒரு தலையங்கமா?” என்று சிலர் கேட்கக் கூடும். அடித்தது சிறு கூட்டந்தான். ஆனால் எண்ணம் சிறு கூட்டத்தோடு நிற்கவில்லை. 2018 மார்ச்சு 5ந் தேதி இஸ்ரேல் பிரதம மந்திரி நெதன்யாஹு வாஷிங்டனுக்குப் போய், ஜனாதிபதியின் மாளிகையிலேயே உட்கார்ந்து கொண்டு, சைரஸ், பால்பர், ட்ரூமன் ஆகியவர்களின் வரிசையில் டிரம்பையும் சேர்த்துப் பேசினார். 1948 மே 14ந் தேதி இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்ட பதினோராவது நிமிஷத்தில் அதை அங்கீகரித்த ட்ரூமன், பதவியை விட்ட பிறகு ஒரு கூட்டத்தில் யாரோ தன்னைப் புகழ்ந்தபோது, தானே சைரஸ் என்று சொல்லிக் கொண்டதாகவும் சொல்லப்படுகிறது. ஆக, சைரஸ் என்பது இப்போது ஒரு ஆளின் பெயராய் இல்லாமல் ஒரு பட்டமாக ஆகிவிட்டது.

அமெரிக்காவிலுள்ள சுவிசேஷக் கிறிஸ்தவப் பிரசாரகர்களில் பலர் இந்தப் பட்டத்தை வைத்துச் செய்திருக்கிற வேலைதான் நமக்கு முக்கியம். டிரம்பின் நடத்தை, பேச்சு, விவாகங்கள், வியாபாரங்கள் இவைகளைப் பற்றி அவர்களுடைய சபை ஜனங்களுக்கே கூச்சம் இருந்தது. அதற்கு இந்தப் பிரசாரகர்கள் என்ன சமாதானம் சொன்னார்கள் என்றால், சைரஸ் கூட பக்தர் அல்ல, ஆனாலும் கடவுள் அவரை உபயோகப்படுத்திக் கொள்ளவில்லையா, அதுபோல்தான் இவரும் என்றார்கள். இதைவிடச் சௌகரியமான சமாதானம் வேறு உண்டா? யோக்கியனாய் இருந்தால் அது கடவுளருள். அயோக்கியனாய் இருந்தால் அது கடவுளின் திருவிளையாடல். இரண்டு விதத்திலும் அவனைக் கேள்வி கேட்க யாருக்கும் பாத்தியதை கிடையாது. ஓட்டுப் போட்டுத் தெரிந்தெடுத்த ஒரு உத்தியோகஸ்தனை, கணக்குக் கேட்க முடியாத ஒரு அவதாரமாக ஆக்குவதற்கு ஒரு வில்லை வெள்ளியும் இரண்டு வசனமும் போதும் என்றால், அந்தத் தேசத்து ஜனங்கள் பயப்பட வேண்டியது அந்த ஆளுக்கா அல்லது அந்த வசனத்துக்கா என்று கேட்கிறோம்.

நிற்க, சிநேகம் என்கிறார்களே, அந்தச் சிநேகத்தின் தன்மையையும் பார்க்க வேண்டும். ஒருவன் தன் சொந்தப் பொருளைக் கொடுத்தால் அது கொடை. டிரம்ப் கொடுத்தது அவருடைய பொருளா? கிழக்கு ஜெருசலத்தை இஸ்ரேல் 1967 யுத்தத்தில் பிடித்தது. அங்கே குடியிருக்கும் பலஸ்தீனர்களும் அதைத் தங்கள் தலைநகரம் என்று உரிமை கொண்டாடுகிறார்கள். 2017 டிசம்பர் 18ந் தேதி ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் இந்த முடிவுக்கு விரோதமான தீர்மானத்தை 14 தேசத்தார் ஆதரித்தார்கள். அமெரிக்கா ஒன்று மாத்திரம் தன் ரத்து அதிகாரத்தினால் அதைத் தோற்கடித்தது. மூன்று நாள் கழித்துப் பொதுச் சபையில் 128 தேசங்கள் ஒரு பக்கமும் 9 தேசங்கள் மறு பக்கமும் ஓட்டுப் போட்டன. 35 தேசங்கள் நடுநிலை வகித்தன. 2018 மே 14ந் தேதி ஜெருசலத்தில் அமெரிக்க ஸ்தானிகராலயம் திறக்கப்பட்டது. இரண்டு அமெரிக்கப் பாதிரிகள் அங்கே ஜெபம் செய்தார்கள். அதே தினம் காஸா எல்லையில் கிளர்ச்சி செய்த பலஸ்தீனர்களில் சுமார் 60 பேர் இஸ்ரேல் சிப்பாய்களின் துப்பாக்கிக்கு இரையானார்கள். அந்த நாணயத்தில் இவர்களுக்கு இடம் இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

யூத ஜனங்கள் மீது நமக்குத் துவேஷம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. ஹிட்லர் ஆட்சியில் 60 லட்சம் யூதர்கள் பிறப்பு ஒன்றையே குற்றமாகக் கொண்டு கொல்லப்பட்டார்கள். பிறப்பை வைத்து மனிதனை இழிவுபடுத்துவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. அந்த ஜனங்கள் பயமில்லாமல் வாழ வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை கிடையாது. நமது ஆட்சேபணையெல்லாம், அவர்களுடைய பயத்தைக் கோவில் வியாபாரத்துக்கு மூலதனமாக்குகிறவர்கள் பேரில்தான்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லாமல் விட முடியவில்லை. சைரஸின் சமாதி ஈரானில் பசர்கடே என்கிற இடத்தில் இருக்கிறது. சைரஸுக்குப் பக்கத்தில் டிரம்பை வைத்து நாணயம் அடித்த அதே 2018இல், மே 8ந் தேதி, ஈரானோடு செய்திருந்த அணு ஒப்பந்தத்திலிருந்து டிரம்ப் விலகிக் கொண்டார். 2025 ஜூன் 13ந் தேதி இஸ்ரேல் ஈரான் மீது யுத்தம் தொடுத்தது. ஜூன் 22ந் தேதி அமெரிக்க விமானங்களும் போய்க் குண்டு போட்டன. செத்த சைரஸுக்கு நன்றியும், சைரஸ் ஆண்ட மண்ணில் உயிரோடு இருப்பவர்களுக்குக் குண்டும்!

சிநேகம் ஏற்படுவதற்கு முன்னமேயே சிநேகத்துக்கு நாணயம் அடித்த கதையும் உண்டு. 2018 மே மாதத்தில் டிரம்பும் வட கொரியாவின் கிம் ஜோங் உன்னும் எதிரெதிரே பார்க்கிற மாதிரி ஒரு ஞாபக நாணயத்தை வெள்ளை மாளிகையின் ஒரு இலாகாவே அடித்து வைத்தது. சமாதானப் பேச்சு என்று இங்கிலீஷிலும் கொரிய பாஷையிலும் எழுதி, கிம்முக்கு உச்சத் தலைவர் என்கிற பட்டமும் போட்டிருந்தது. நாணயம் வெளிவந்த சில நாளைக்குள், மே 24ந் தேதி, சந்திப்பு கிடையாது என்று டிரம்பே ரத்து செய்து விட்டார்! பிறகு மனம் மாறி ஜூன் 12ந் தேதி சிங்கப்பூரில் சந்தித்தார்கள். 2019 பிப்ரவரியில் ஹனாயில் மறுபடி சந்தித்து ஒன்றும் முடியாமல் எழுந்து போனார்கள். அணுகுண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1964இல் ஷார்ஜா என்கிற சிறு அரபு நாட்டின் பேரால் கென்னடியின் முகம் போட்ட 5 ரூபாய் வெள்ளி நாணயம் வந்தது. அதில் ராஜீயச் சிநேகம் இருந்ததோ இல்லையோ, நாணயம் சேகரிக்கும் பொழுதுபோக்குக்காரர்களின் பணம் இருந்தது. அந்த அளவில் அது கெடுதியில்லாத வியாபாரம்.

ஆனால் ஜெருசலத்து நாணயத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. அதன் மறுபக்கத்தில் இருக்கிற கோவில் கி.பி. 70இல் ரோமர்களால் இடிக்கப்பட்டது. இடித்தவர்களும் அதற்காக ஒரு நாணயம் அடித்தார்கள். யூதேயா பிடிபட்டது என்று எழுதி, ஒரு பனை மரத்தின் கீழ் ஒரு பெண் துக்கத்தோடு உட்கார்ந்திருப்பதாக அதில் போட்டார்கள். யூதர்கள் தங்கள் கோவிலுக்குக் கொடுத்து வந்த அந்த வரியையும் ரோமிலுள்ள ஜூபிடர் கோவிலுக்குக் கட்டும்படி உத்திரவு போட்டார்கள். கடவுள் மாறினார், வரி மாறவில்லை.

இன்று அந்த மேட்டில் இருப்பது அல் அக்ஸா மசூதியும், ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டி முடிக்கப்பட்ட பாறைக் குவிமாடமும் ஆகும். இஸ்ரேலின் தலைமை ரபீக்களே யூதர்கள் அந்த மேட்டின் மீது ஏறக் கூடாது என்று தடுத்து வந்திருக்கிறார்கள். 2000 செப்டம்பர் 28ந் தேதி ஏரியல் ஷரோன் அங்கே போய் வந்ததையொட்டி மூண்ட கலகம் பல வருஷங்கள் நீடித்து, இரு தரப்பிலுமாக ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டு போயிற்று. இவ்வளவும் தெரிந்த பிறகும், இருக்கிற கட்டடத்தை விட்டுவிட்டு இல்லாத கட்டடத்தை நாணயத்தில் போட்டு, அதைக் கட்டுவதற்கு ஒரு சைரஸும் கிடைத்துவிட்டார் என்று ஊருக்கெல்லாம் 50 டாலருக்கு விற்பவர்கள், அந்த மேட்டில் இப்போது நிற்கிற கட்டடங்களை என்ன செய்வதாக உத்தேசம் என்பதை நாணயமாய்ச் சொல்லிவிட வேண்டும் என்று கேட்கிறோம்.