செத்த பேட்டரிக்கு உப்பு மருந்தாகாது

பேக்கப் நிற்காத இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கிப் போடாதீர்கள், மூடியைத் திறந்து ஒவ்வொரு செல்லிலும் எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள், புதுசு போல ஓடும் என்கிற பேச்சு நெடுநாளாக உலவுகிறது. உப்புக்குப் பதில் படிகாரம் என்பாரும் உண்டு. பேட்டரி முனைகளில் மாட்டிவிடும் சின்ன ‘பல்ஸ்’ பெட்டியை விற்பவர்களும் உண்டு. இந்தப் பேச்சின் நடுவே ஓர் உண்மை இருக்கிறது. அதனால்தான் இத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது. அந்த உண்மையை ஒப்புக்கொண்டு, அதன்மேல் ஏற்றி வைத்திருப்பதை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். இதில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் புது பேட்டரிக்கான பணத்தை ஒரே நேரத்தில் புரட்ட முடியாத குடும்பங்கள் என்பதால் இதை விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் உண்மை. 1859இல் பிரெஞ்சுக்காரரான காஸ்தோன் பிளான்டே உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் அடிப்படை இன்றும் மாறவில்லை. கரண்ட் எடுக்கும்போது இரண்டு வகை பிளேட்டுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது, ஆசிட் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றினால் அந்த சல்பேட் மறுபடி ஈயமாகவும் ஈய டை ஆக்சைடாகவும் மாறி, ஆசிட் பழைய அடர்த்திக்கு வருகிறது. சார்ஜ் இறங்கிய பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே போட்டுவிட்டால், நுண்ணிய சல்பேட் துகள்கள் கரைந்து பெரிய துகள்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். பெருத்த படிகங்கள் எளிதில் கரைவதில்லை. கரையாததால் சார்ஜையும் வாங்குவதில்லை. இதுதான் சல்ஃபேஷன். இதை ஆரம்பத்திலேயே கவனித்தால் பெரும்பகுதியைத் திருப்பிவிடலாம் என்பதும் உண்மை. இதற்கு அப்பால் சொல்லப்படுவதில்தான் தகராறு.

“பேட்டரி சாவதே சல்பேட்டால்தான்” என்பது முதல் வாதம். ஐந்தாறு வருடம் உழைத்து ஓய்ந்த டியூபுலர் பேட்டரி ஒன்றை ஈயப் பட்டறையில் அறுத்துப் போட்டிருக்கும்போது உள்ளே பாருங்கள். பாசிட்டிவ் பிளேட்டின் துணிக்குழாய்களுக்குள் முதுகெலும்பாக ஓடும் ஈயக் கம்பிகள் அரித்து, தொட்டால் ஒடிகின்றன. குழாய்களின் அடி கிழிந்து, உள்ளிருந்த பழுப்புப் பொடி சேறாகி செல்லின் அடியில் தேங்கியிருக்கிறது. அந்தச் சேறு பிளேட்டைத் தொடும் அளவுக்கு ஏறினால் செல் ஷார்ட் ஆகும். தண்ணீர் வற்றி வெளியே தெரிந்த பகுதி காய்ந்து உதவாமல் போயிருக்கும். அரித்த கம்பியையும் உதிர்ந்த பொடியையும் எந்தக் கரைசலும் மறுபடி கட்டித் தராது.

எந்த பேட்டரி எதனால் போனது என்று கேட்காமல் மருந்து சொல்வதுதான் இங்கே பெரிய பிழை. அறுவடை முடிந்து மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் டிராக்டரின் பேட்டரி, எப்போதாவது ஓடும் ஜெனரேட்டரின் பேட்டரி ஆகியவற்றில் சல்ஃபேஷன் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டு இன்வெர்ட்டரின் கதை வேறு. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் போனபோது, பேட்டரிகள் முழுதாக சார்ஜ் ஏறவே நேரமில்லாமல் பாதி வயிற்றோடு திரும்பத் திரும்ப உழைத்தன. அப்போது போன பேட்டரிகளில் சல்ஃபேஷனுக்குப் பெரிய பங்கு இருந்திருக்கும். இன்று பல வீடுகளில் அதே இன்வெர்ட்டர் நாள் முழுக்க சும்மா சார்ஜில் நிற்கிறது. இப்போது பேட்டரியைத் தின்பவை வெயிலும் தண்ணீர் வற்றுவதும் கம்பி அரிப்பும். வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரித் துறையின் பழைய கணக்கு. மொட்டைமாடிப் படிக்கட்டுக்குக் கீழே, ஓட்டுக்கூரைக்கு அடியில் பேட்டரியை வைத்துவிட்டு சல்பேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது, “எப்சம் உப்பு சல்பேட்டைக் கரைத்துவிடும்.” எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். படிகாரமும் ஒரு சல்பேட் உப்புதான். ஏற்கெனவே சல்பேட் நிறைந்திருக்கும் கரைசலில் இன்னும் சல்பேட்டைக் கொட்டினால் ஈய சல்பேட் கூடுதலாகக் கரைய வழியே இல்லை, குறையத்தான் வாய்ப்பு. பேட்டரி தயாரிப்பாளர்கள் சிலர் சிறிதளவு சோடியம் சல்பேட் சேர்ப்பதுண்டு. அது எதற்கென்றால், பேட்டரி அடியோடு இறங்கி ஆசிட் ஏறக்குறைய தண்ணீராகிவிட்ட நிலையில் ஈய சல்பேட் அளவுக்கு மீறிக் கரைந்து, பின்னர் சார்ஜ் ஏற்றும்போது ஈய முட்களாக வளர்ந்து ஷார்ட் ஆகாமல் தடுப்பதற்கு. அதாவது கரைவதைக் குறைக்க. விற்பவர்கள் சொல்வதற்கு நேர் எதிர்.

இதைவிட முக்கியமானது ஒன்று. பிளேட்டின் மேலிருக்கும் சல்பேட் வெளியிலிருந்து வந்த அழுக்கு கிடையாது. அது பிளேட்டின் சொந்த ஈயம். அதைக் கரைத்து வெளியேற்றினால் பிளேட்டின் உடம்பே கரைகிறது, கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது. ஈயத்தைப் பிடித்துக் கரைக்கும் இடிடிஏ போன்ற ரசாயனங்களைப் பரிந்துரைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. சல்பேட்டை இருந்த இடத்திலேயே மறுபடி ஈயமாக்க வேண்டும். அதைச் செய்யக்கூடியது கரண்ட் மட்டும்தான்.

இந்த உப்பு வைத்தியம் புதுசும் இல்லை. அமெரிக்காவில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இது ஒரு தேசிய விவகாரமாகியிருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஜெஸ் ரிச்சி என்பவர் ‘ஏடி-எக்ஸ்2’ என்ற பொடியை விற்றார். அதில் பெரும்பகுதி சோடியம் சல்பேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும். அந்நாட்டின் தேசியத் தரநிலை நிறுவனம் பொடி போட்ட பேட்டரிகளையும் போடாதவற்றையும் ஒரே விதமாகச் சோதித்து, பயனில்லை என்றது. ரிச்சியின் பக்கம் திருப்தியடைந்த வாடிக்கையாளர்கள் ஏராளம். அரசியல் ஆதரவும் திரண்டது. 1953இல் வணிக அமைச்சர் சின்க்ளேர் வீக்ஸ், நிறுவனத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் சொன்னார். விஞ்ஞானிகள் கொதித்தெழ, ஆஸ்டின் பதவியில் நீடித்தார். தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழுவும் அதே ஆண்டு அந்தப் பொடியால் பயனில்லை என்று உறுதி செய்தது.

அந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் பொய் சொன்னார்களா? இல்லை. இன்று உப்பு போட்டுப் பிழைத்தது என்று சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. உப்பைப் போட்டவர் அதோடு நிறுத்துவதில்லை. வற்றிய செல்லுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறார், டெர்மினலைத் துடைக்கிறார், ஓர் இரவும் பகலும் மெதுவாக சார்ஜ் ஏற்றுகிறார். பிழைக்கக்கூடிய பேட்டரியைப் பிழைக்க வைத்தவை இவை. பெயர் உப்புக்குப் போகிறது.

“கிராவிட்டி ஏறியதே, வோல்ட் மீட்டர் 12.6 காட்டுகிறதே” என்பது ஆதாரமாகச் சொல்லப்படும் அடுத்த வாதம். கிராவிட்டி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் திரவத்தின் அடர்த்தியை மட்டும் அளக்கிறது. அந்த அடர்த்தி ஆசிட்டால் வந்ததா உப்பால் வந்ததா என்று அதற்குத் தெரியாது. உப்பைக் கரைத்த மறுநிமிடமே சார்ஜ் ஏறாமலே அதன் மிதவை உயரும். கடைகளில் கிராவிட்டி குறைந்த பேட்டரிக்குப் புது ஆசிட் ஊற்றிக் கொடுக்கிறார்களே, அதுவும் இதே கண்கட்டுதான், இன்னும் கெடுதலானது. குறைந்த ஆசிட் எங்கும் போய்விடவில்லை, சல்பேட்டாகப் பிளேட்டில் பூட்டிக் கிடக்கிறது. மேலே இன்னும் ஆசிட்டை ஏற்றினால் அரிப்புதான் வேகமாகும். ஆசிட் சிந்தி வெளியே போயிருந்தால் தவிர, ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் ஒன்றே. குழாய்த் தண்ணீரும் கூடாது. அதிலுள்ள குளோரைடும் இரும்பும் பிளேட்டுக்குக் கேடு.

சார்ஜரிலிருந்து கழற்றியதும் தெரியும் வோல்டேஜ் மேற்பூச்சு. சில மணி நேரம் ஆறவிட்டு, லோட் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கார் ஹெட்லைட் பல்பைப் பத்து நிமிடம் எரியவிட்டாலே 12.6 என்று நிமிர்ந்து நின்ற பேட்டரி 10க்குக் கீழே சரிவதைப் பார்க்கலாம். எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் ஆறியபின் 10.5 அருகிலேயே நின்றால் ஆறு செல்களில் ஒன்று ஷார்ட். அதன் கதை முடிந்தது.

பல்ஸ் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அதன் அதிர்வு படிகங்களின் இயல்பு அதிர்வோடு ஒத்துப்போய் அவற்றை உடைக்கும் என்கிறார்கள். படிகங்கள் ஒரே அளவில் இல்லாதபோது ஒரே அதிர்வெண் எப்படி எல்லாவற்றுக்கும் பொருந்தும்? சார்ஜரோடு சேர்ந்து வேலை செய்யும் பெட்டி என்றால் அதன் வழியே போகும் கரண்ட் சார்ஜ் ஏற்றத்தான் செய்கிறது, பலனும் அதனால்தான். சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் மட்டும் மாட்டும் பெட்டியோ தன் மின்சாரத்தை அந்த பேட்டரியிலிருந்தே உறிஞ்சுகிறது.

கடைசியாக, என்னை உண்மையிலேயே கோபப்படுத்தும் வாதம்: “எப்படியும் போன பேட்டரிதானே, முயன்று பார்ப்பதில் என்ன நஷ்டம்?” கெட்டுப்போன ஒரு செல்லை வைத்துக்கொண்டு இன்வெர்ட்டரில் ஓட்டினால், மற்ற ஐந்து செல்களும் அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிக் கொதிக்கும். வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். பழைய ஆசிட்டைக் கவிழ்த்துக் கழுவச் சொல்லும் செய்முறைகளில் அதோடு ஈயச் சேறும் வருகிறது. அது வாசலிலோ கொல்லையிலோதான் கொட்டப்படும். செனகல் நாட்டில் டக்கார் நகரை ஒட்டிய தியாரோய் சுர் மேர் என்ற இடத்தில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் பிரித்த மண்ணால் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே நடந்தது பெரிய அளவில் என்பது சரி. ஆனால் குழந்தை தவழும் இடத்தில் ஈயம் கலந்த மண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆபத்துதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஆறு செல்களின் கிராவிட்டியையும் தனித்தனியே எடுங்கள். முழு சார்ஜில் டியூபுலர் பேட்டரி சுமார் 1.240 காட்ட வேண்டும். எல்லா செல்லும் ஒரே சீராக 1.180, 1.190 என்று தாழ்ந்திருந்தால் நம்பிக்கை உண்டு. ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் 1.100இல் கிடந்தால் பெரும்பாலும் இல்லை. நம்பிக்கை உள்ள பேட்டரியை இன்வெர்ட்டரிலிருந்து கழற்றி, காற்றோட்டமான இடத்தில், கரண்டைக் கட்டுப்படுத்தக்கூடிய சார்ஜரில் போட வேண்டும். 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு மூன்று நான்கு ஆம்பியர் போதும். வோல்டேஜ் 15ஐத் தாண்டும், குமிழி வரும். பேட்டரி கை பொறுக்காத சூடு கண்டால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடரலாம். ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கிராவிட்டி பாருங்கள். ஏறிக்கொண்டிருக்கும் வரை சல்பேட் திரும்பிக்கொண்டிருக்கிறது. அடுத்தடுத்து மூன்று முறை அசையாமல் நின்றால் வரவேண்டியது வந்துவிட்டது. பட்டறையில் பேட்டரி பார்ப்பவரிடம் இதையே செய்யச் சொல்லலாம். “ரெண்டு நாள் மெதுவா சார்ஜ்ல போடுங்கண்ணே, ஆசிட் ஊத்தாதீங்க” என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் ‘பூஸ்ட்’ சார்ஜ் ஏற்றித் தருவதை ஏற்காதீர்கள். மூடி திறக்க முடியாத சீல்டு பேட்டரிகளுக்கு இந்த முறை பொருந்தாது.

அப்படி மீண்டதை வீட்டு லோடிலேயே சோதித்துவிடலாம். இரண்டு ஃபேன், இரண்டு லைட் என்று 200 வாட் அளவில் போட்டால், நல்ல நிலையிலுள்ள 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஓடும். மூன்று மணி நேரம் வந்தாலே அந்தப் பேட்டரி இன்னும் சில காலம் உழைக்கும். அரை மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கினால், புது பேட்டரி வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்து அதற்குரிய விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மீது வைத்திருக்கின்றன. தெருவில் எடைக்கு எடுப்பவரிடம் போட்டால் அது எந்தக் கொல்லையில் உடைபடும் என்று யாருக்கும் தெரியாது.