அஞ்சலட்டையில் நிற்பவளின் பெயர் என்ன?

சென்னையில் பழைய பொருட்கள் விற்கும் ஒருவரிடம் ஓர் அஞ்சலட்டை வாங்கினேன். நூறாண்டுக்கும் மேல் பழையது. கரிசல் காட்டில் பருத்திச் செடிகளுக்கு நடுவே, மடி நிறையப் பருத்தியோடு ஒரு பெண் நிற்கிறாள். படத்தின் கீழே ஆங்கிலத்தில் ஒரு சாதிப் பெயர் மட்டும் அச்சாகியிருக்கிறது. பின்பக்கத்தில் அதை எழுதிய வெள்ளையரின் பெயரும், இங்கிலாந்தில் பெற்றவரின் முகவரியும் இருக்கின்றன. எழுதியவரின் பாட்டன் யார் என்று ஒரே மாலையில் இணையத்தில் கண்டுபிடித்துவிட்டேன். முன்பக்கத்தில் நிற்பவளை மூன்றாண்டுகளாகத் தேடுகிறேன்.

இது தற்செயல் அல்ல. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' படத்தொகுப்பும், 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகளும் மனிதர்களைச் சாதியின் மாதிரிகளாகவே காட்டின. அஞ்சலட்டை வியாபாரிகள் அதையே சரக்காக்கினார்கள்.

வெள்ளையரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள எட்டயபுரம் ஜமீனின் வம்சாவளியைச் சொல்லும் 'வம்சமணி தீபிகை' 1879-இல் அச்சேறியது. அதற்குச் சற்று முன்புதான், 1876–78-இல், சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. ராணுவ அதிகாரி ஹூப்பர் அந்தப் பட்டினி உடல்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். ஜமீனுக்கு வம்சம் இருக்கிறது. பஞ்சத்தில் செத்தவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

உழைக்கும் மக்களின் பெயர்களை அரசு எழுதியதே இல்லையா? எழுதியது. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேற்றப்பட்ட ஒன்றரை லட்சம் பேரின் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, உடலிலுள்ள தழும்பு வரை உண்டு. ஓடிப்போனால் அடையாளம் காண வேண்டுமே!

இன்று இதே பழைய படங்களைச் சாதிச் சங்கத்தார் 'ஆண்ட பரம்பரை' என்று எழுதிப் பரப்புகிறார்கள். காலனிய வியாபாரி ஒட்டிய சீட்டுக்கு இவர்கள் பொன்முலாம் பூசுகிறார்கள். அதற்காகச் சாதியை அழித்துவிட்டுப் படத்தை மட்டும் ரசிக்கவும் முடியாது. நிலம் யாரிடம் இருந்தது, கூலிக்கு நின்றது யார் என்பதற்குச் சாதிதான் சாட்சி. சாட்சியாக அதை வைத்துக்கொள்வோம். ஒரு மனுஷியின் பெயராக அதை ஏற்க முடியாது.

கோவில்பட்டிப் பக்கம் பருத்தி எடுத்தே பிள்ளைகளை வளர்த்த என் அம்மாச்சியிடம் படத்தைக் காட்டினேன். சாதியை அவள் கேட்கவில்லை. "மடி நெறஞ்சிருக்கே, எடை போடப் போறவள நிப்பாட்டி வச்சிருக்கான். நின்ன நேரத்துக்குக் கூலி குடுத்தானாய்யா?" என்றாள். எடுத்த பருத்தியில் ஒரு பங்குதான் அவள் காலத்தில் கூலி. நின்றால் நஷ்டம். என் ஆய்வேட்டில் நான் எழுப்பாத கேள்வி அது. பிறகு, "இவ பேரு என்ன?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவே அம்மாச்சியோடு பருத்தி எடுத்த பெண்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். பதினேழு பெயர்கள் தேறின. அஞ்சலட்டைப் பெண் அவர்களில் இல்லை. ஆனால் இன்னும் நூறாண்டு கழித்து யாரும் இந்தப் பதினேழு பேரை இப்படித் தேடி அலைய வேண்டியதில்லை.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார். ஆவணக் காப்பகம் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். இன்றே போய்க் கேளுங்கள்.