உள்ளங்கை அளவுச் சிசு

எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தை தங்காது, ஏழாம் மாதத்தில் பிறந்தது தங்கிவிடும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பழைய கிரேக்க தேசத்து வைத்தியர்களும் இவ்விதமே நம்பினார்களாம். தவறான அபிப்பிராயங்கள் கடல் கடப்பதற்குக் கப்பல் வேண்டியதில்லை போலும்! உண்மை இதற்கு நேர் விரோதமானது. பூரண காலம் வரையில் கர்ப்பத்தில் தங்கும் ஒவ்வொரு வாரமும் சிசுவுக்கு லாபந்தான். ஆனால் ஏழு மாதங்கூட நிரம்பாமல் பிறந்துவிடும் சிசுவைப் பற்றிப் பெரியவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அக்காலத்தில் அத்தகைய சிசு பிழைப்பது வெகு அபூர்வம்.

அன்னவாசலில் நம்மிடம் படித்த இளைஞன் ஒருவன். சென்ற வருஷம் அவன் மனைவிக்கு 27-ஆவது வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை, எடை 900 கிராம். மளிகைக் கடையில் வாங்கும் ஒரு கிலோ துவரம்பருப்பைக் காட்டிலும் குறைவு!

விஷயம் கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கொண்டிருந்தான். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் சிசு கிடந்தது. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், காலில் ஒரு கம்பி. "சார், உள்ளே நர்ஸம்மாவுக்கு வேலை இருக்கிறது, டாக்டருக்கு வேலை இருக்கிறது, அந்த மெஷினுக்குக்கூட வேலை இருக்கிறது. எனக்குத்தான் ஒன்றுமில்லை" என்றான்.

நாம் ஆறுதல் சொல்வதாக நினைத்துக் கொண்டு, "தம்பி, மனசை ரொம்ப வைத்துவிடாதே" என்றோம். அவன் பதில் பேசவில்லை. அவன் தாயாரும் அதே அபிப்பிராயந்தான் கொண்டிருந்தாள். பிழைத்தால் பெயர் வைத்துக் கொள்ளலாம், அதுவரையில் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்பது அவள் கட்டளை. சிசுவின் அட்டையில் தாயின் பெயரை எழுதி, 'இன்னாருடைய குழந்தை' என்று மட்டுமே குறித்திருந்தார்கள்.

இத்தகைய சிசுவுக்கு என்னதான் குறை? முதற்குறை மூச்சு. சுவாசப்பையிலுள்ள நுண்ணிய அறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளாதபடி காக்கும் வழவழப்பான ஒரு பொருள் போதிய அளவில் ஊறியிராது. 1959-ஆம் வருஷத்தில் மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்க வைத்தியப் பெண்மணி இக்குறையைக் கண்டு சொன்னார். ஆனாலும் கை மருந்து இல்லை. 1963-இல் ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். அமெரிக்க ஜனாதிபதியின் செல்வாக்கினாலும் அச்சிசுவை 39 மணி நேரத்துக்கு மேல் காப்பாற்ற முடியவில்லை. 1980-இல் ஜப்பானிய வைத்தியர் புஜிவாரா அந்தப் பொருளை மூச்சுக்குழாய் வழியே செலுத்திக் குழந்தைகளைப் பிழைக்க வைத்தார். அன்று ஜனாதிபதியின் மகனுக்குக் கிட்டாத மருந்து இன்று நம் இளைஞனுடைய மகளுக்குக் கிட்டியது. இதைச் சாமானிய விஷயம் என்று நாம் எண்ணவில்லை.

மற்றொரு மருந்து இருக்கிறது. அதற்கு விலையே இல்லை. 1978-79-இல் கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரில் ஓர் ஆஸ்பத்திரியில், குறைமாதச் சிசுக்களுக்குப் போதிய பெட்டிகள் இல்லை. எட்கர் ரே, ஹெக்டர் மார்ட்டினஸ் என்னும் வைத்தியர்கள் சிசுவைத் தாயின் வெற்று மார்பிலேயே கட்டி வைத்தார்கள். கங்காரு தன் குட்டியைச் சுமப்பது போலிருந்ததால் அப்பெயரே நிலைத்துவிட்டது. ஏழைகளுக்கு ஏற்பட்ட மாற்று வழி என்று சிலர் நினைத்திருக்கலாம். 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி அந்த நினைப்பை மாற்றிற்று. நம் நாட்டில் டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி உள்பட ஐந்து தேசங்களில், ஒரு கிலோ முதல் 1.8 கிலோ வரையிலான சிசுக்களிடம் சோதித்தார்கள். உடல்நிலை தேறியபின் இம்முறையைத் தொடங்கியபோது 100-க்குச் சுமார் 16 சிசுக்கள் முதல் 28 நாட்களுக்குள் இறந்தன. பிறந்த உடனேயே தொடங்கியபோது 12 தான். அதனினும் சிறிய சிசுவுக்கு எப்போது தொடங்கலாம் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

நம் இளைஞனின் மகளுக்கு 16-ஆவது நாள் அனுமதி கிடைத்தது. அன்று தாய்க்கு ஜுரம். நர்ஸ் வெளியே வந்து, "அப்பா யார்? கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு, சட்டையைக் கழற்றிவிட்டு வாருங்கள்" என்றாள். அன்று முதல் அவனுக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. பகலில் தாய், இரவில் தகப்பன். பால் ஒரு மில்லி, இரண்டு மில்லியாகக் குழாய் வழியே இறங்கும். தாய்ப்பால் அமிர்தம் என்பது வெறும் உபசார வார்த்தையல்ல. இச்சிறு குடல்களை அழுகலினின்றும் காப்பதில் அதற்கு இணையில்லை.

பெற்றோர் மறக்கக் கூடாதவை இன்னும் இரண்டு. 28 வாரத்துக்கு முன் பிறந்த சிசுவின் கண்களை இரண்டு மூன்று வாரங்களுக்குள் கண் வைத்தியர் பார்த்தாக வேண்டும். தாமதித்தால் பார்வையே பறிபோகக்கூடும். தவழுவதையும் நடப்பதையும் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு ஏங்குவது வீண்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்களே படித்த மகாராஜா கல்லூரியில் துணிந்து சேர்ந்து, 1912-இல் வைத்தியப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் ஊர் இது. அவ்வூரில் 2017-இல் அரசாங்க வைத்தியக் கல்லூரியே ஏற்பட்டுவிட்டது. அரசாங்கம் தன் கடமையைச் செய்யட்டும். அண்டை அயலார் கடமை என்ன? அந்த இளைஞன் தினக்கூலிக்காரன். ஆஸ்பத்திரியில் நின்ற நாளெல்லாம் கூலி போயிற்று. அவனுக்கு வேண்டியது ஒரு தூக்குச் சாப்பாடும், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஒருவரும். "பிழைக்குமா?" என்ற கேள்வி அல்ல.

அடுத்த பெட்டியிலிருந்த சிசு ஒருநாள் காலையில் இல்லை. அதன் தாயும் பத்து நாள் அதை மார்பில் வைத்திருந்தவள்தான். நம் இளைஞன் அன்றிரவு நம்மிடம், "சார், அந்தம்மா அழுதுகொண்டே, 'பத்து நாளாவது என் சூட்டில் இருந்ததே' என்றார்கள். நாளைக்கே என் பெண்ணுக்குப் பெயர் வைக்கப் போகிறேன்" என்றான். மனசை வைத்துவிடாதே என்று சொன்ன வாய் நமக்கு அடைத்துப் போயிற்று. அச்சிசு பிழைத்திராவிட்டாலும் நாம் சொன்னது தவறேயாகும்.

72-ஆவது நாள், 1,900 கிராம் எடையுடன் குழந்தை அன்னவாசல் வந்து சேர்ந்தாள். கண் பரிசோதனை இன்னும் முடிந்தபாடில்லை. கால் சற்று விறைப்பாயிருக்கிறதென்று பயிற்சி சொல்லியிருக்கிறார்கள். பாட்டி இப்போது தெருவெல்லாம் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.