மலைக்கு ஓர் அலைவழித் தூது

தமிழ்ச் சிற்றிலக்கியங்களுள் தூது தனிச்சுவை உடையது. அன்னம், மயில், கிளி, முகில், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனப் பத்தினைத் தூது செல்லத் தக்கனவாக நம் முன்னோர் வகுத்தனர். முகிலும் தென்றலும் செய்தியைச் சுமந்து செல்லா என்பதை அப்புலவர்கள் அறியாதவர் அல்லர். தொலைவில் இருப்பவரோடு எவ்வாறேனும் பேசியாக வேண்டும் என்னும் உள்ளத்தின் தவிப்பே அவ்விலக்கிய வகையைப் படைத்தது எனலாம்.

அத்தவிப்பு ஏடுகளோடு முடிந்துவிடவில்லை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில், மடிப்புகளுக்குள் ஒடுங்கியிருக்கும் சிற்றூர்கள் பல. பெருமழையில் பாதை துண்டிக்கப்பட்டு, மின்சாரமும் நின்று, கைப்பேசியும் ஊமையாகிவிடின், அங்குள்ள ஒரு தாயின் பேறுகால வலியைக் கீழே உள்ள மருத்துவமனைக்கு யார் சொல்வது? இவ்வினாவுக்குரிய விடைகளுள் ஒன்று ஆர்வலர் வானொலி. ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடைபெறும்போது, அரசுத் துறைகளின் அரங்குகளுக்கும் சாமை, தேன், பலா முதலிய மலைவிளை பொருள்களின் கடைகளுக்கும் இடையே ஓர் ஆர்வலர் வானொலி அரங்கும் இடம்பெற வேண்டும் என்பதும், அதில் நம் கல்லூரி மாணாக்கர், சிறப்பாகத் தமிழ் பயில்வோர், தொண்டாற்ற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆர்வலர் வானொலி யாது?

'அமெச்சூர் ரேடியோ' என்றும் 'ஹாம் ரேடியோ' என்றும் வழங்கும் இதனை 'ஆர்வலர் வானொலி' எனத் தமிழில் குறிப்பது மிகப் பொருத்தம். 'அமெச்சூர்' என்னும் சொல்லின் இலத்தீன் வேர் அன்பு செய்வோரைக் குறிப்பது. வள்ளுவப் பெருந்தகையும் அன்புடைமை அதிகாரத்தில் 'ஆர்வலர்' என்னும் சொல்லை அன்புடையார் என்னும் பொருளிலேயே ஆள்கின்றார். ஊதியம் கருதாது, வணிக நோக்கமின்றி, கற்றலுக்கும் பிறர்க்கு உதவுதற்கும் வானலைகளைக் கையாள்வோரே இவ்வார்வலர்கள். நம் நாட்டில் 12 வயது நிரம்பியோர் நடுவண் அரசின் தகவல் தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் வென்று உரிமம் பெறலாம். உரிமம் பெற்றவருக்கு 'வி.யு.' எனத் தொடங்கும் அழைப்புக் குறி வழங்கப்படும். உலகின் எம்மூலையில் ஒலித்தாலும் அக்குறி அவரை இந்தியர் என அறிவித்துவிடும்.

தமிழகத்தில் வானொலி பிறந்ததே ஆர்வலர்களால்தான் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924 மே 16 அன்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று 40 வாட் ஆற்றலுடைய சிறு கருவியைக் கொண்டு ஒலிபரப்பினைத் தொடங்கியது. 1927இல் பொருள் நெருக்கடியால் அக்கழகம் ஓய்ந்தது. ஆயினும் அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பினைத் தொடர்ந்தது. ஆர்வலர் சிலர் ஊன்றிய வித்தே பின்னர் ஊருக்குப் பயன்பட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஜவ்வாது மலைக்கும் வானலைக்கும் வேறோர் உறவும் உண்டு. காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று திறந்துவைத்து, அவ்வாய்வகத்துக்கு அறிவியலறிஞர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டியவர் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி. அவரும் 'வி.யு.2 ஆர்.ஜி.' என்னும் அழைப்புக் குறியுடைய ஆர்வலரே. விண்மீன் ஒளியும் வானொலி அலையும் மின்காந்த அலை என்னும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. விண்ணின் செய்தியை வாங்கும் மலை, மண்ணின் செய்தியை அனுப்பவும் கற்றுக்கொள்வது முறைதானே?

கைப்பேசி இருக்க இது எதற்கு?

அரங்கிற்கு வருவோர் முதலில் கேட்கும் வினா இதுவாகவே இருக்கும். கைப்பேசி தானாக இயங்குவதன்று. கோபுரம், மின்சாரம், கோபுரங்களை இணைக்கும் கம்பிவடம் ஆகியவற்றுள் ஒன்று அறுந்தாலும் அது வெறும் விளக்காகிவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையைச் சிதைத்தபோதும் இதனை நாம் கண்டோம். மாநகருக்கே அந்நிலை எனின் மலைக்கு என்ன நிலை?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் ஆர்வலர் குழு ஒன்று போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து உலக ஆர்வலர்களோடு உரையாடும் பொருட்டுச் சென்றிருந்த அக்குழு, தொடர்புகள் அறுந்த அவ்வேளையில் தன் கருவிகளை அப்படியே மீட்புப் பணிக்குத் திருப்பியது. தீவில் இருந்தோரின் நலச் செய்திகள் பெருநிலத்தில் ஏங்கிக் கிடந்த உறவினரை அவ்வலைகளின் வழியே எட்டின. பொழுதுபோக்கு என்று எண்ணப்பட்டது ஒரே நாளில் உயிர்த்தொண்டாக மாறியது.

மலையின் அமைப்பும் இதற்கு ஏற்றது. ஆர்வலர்க்கு ஒதுக்கப்பட்ட 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வன. 1,000 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றிச் சமவெளியை நோக்கும் அலை, கணக்கின்படி 130 கிலோமீட்டர் வரை எட்டும். பள்ளத்தாக்கில் இருப்போர்க்கு இவ்வலையை மலை மறைக்கும். அவர்க்கு 7 மெகாஹெர்ட்ஸ் அலை உதவும். இரு மரங்களுக்கிடையே 20 மீட்டர் நீளக் கம்பியைத் தாழக் கட்டி, மகிழுந்தின் 12 வோல்ட் மின்கலத்தால் கருவியை இயக்கினால், அலை மேல்நோக்கிச் சென்று, அயனி மண்டலத்தில் பட்டு மீண்டு, பகற்பொழுதில் மலைக்கு அப்பாலும் இறங்கும். கோபுரமும் வேண்டா, கம்பிவடமும் வேண்டா.

தொண்டர் செய்ய வேண்டுவன

கருவியைக் காட்சிக்கு வைப்பதனால் மட்டும் அரங்கு பயன் தராது. இரைச்சலுக்கிடையே ஏதோ ஒரு குரல் கேட்கும், சிறுவர் வியப்பர், பெரியோர் நகர்ந்துவிடுவர். அரங்கின் உயிர் கருவியன்று. அருகில் நிற்கும் தொண்டரே. கருவியை இயக்கிப் பேசுவது உரிமம் உடையவர்க்கே உரியது. நிலையத்தை வேறிடத்தில் அமைப்பதற்கான விதிகளையும் அவர் முன்னரே நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். ஆயின், வருவோரை வரவேற்றல், கேட்கும் குரல் எவ்வூரினது என்பதை நிலப்படத்தில் காட்டல், மோர்சு ஒலியில் ஒரு குழந்தையின் பெயரைத் தட்டிக் காட்டல், தேர்வுக்கு விழைவோரின் பெயரைக் குறித்துக்கொள்ளல் ஆகியவற்றுக்கு உரிமம் தேவையில்லை. இன்முகமும் தெளிந்த தமிழும் போதும்.

'இது இயற்பியல் துறையார் வேலையன்றோ?' எனச் சிலர் வினவலாம். கருவியைச் செப்பம் செய்வது அவர்கள் வேலை. அதனை மலைவாழ் மக்களுக்கு விளங்கச் சொல்வது மொழி கற்றார் வேலை. மொழியறிவு தேவைப்படும் இடம் பிறிதொன்றும் உண்டு. தமிழ்நாட்டு ஆர்வலர்கள் வானலையில் தமிழிலும் உரையாடுகின்றனர். இரைச்சல் மிகுந்த அலையில் லகர, ளகர, ழகரங்கள் தம்முள் மயங்கும். 'வலி' என்பது நோவு. 'வழி' என்பது பாதை. 'வளி' என்பது காற்று. 'வலி மிகுதி' என்ற செய்தி 'வளி மிகுதி' எனக் கேட்குமாயின், மருத்துவர் வருவதற்கு மாறாகப் புயல் எச்சரிக்கை அன்றோ பிறக்கும்? ஆங்கில எழுத்துகளுக்கு 'ஆல்பா, பிராவோ, சார்லி' என அடையாளச் சொற்கள் இருத்தல் போல, 'கடலில் வரும் ல, பள்ளியில் வரும் ள, பழத்தில் வரும் ழ' என நம் எழுத்துகளுக்கும் அடையாளச் சொற்களை வகுத்து அரங்கில் பழக்கலாம். எழுத்தும் சொல்லும் கற்ற மாணாக்கர்க்கு இதனினும் தகுந்த பயிற்சி வேறு யாது?

அரங்கின் வெற்றியை வந்து சென்றோரின் எண்ணிக்கையால் அளத்தல் கூடாது. சமவெளியிலிருந்து செல்லும் நாம் விழா முடிந்ததும் இறங்கிவிடுவோம். இடர் வரும் நாளில் அங்கு இருக்கமாட்டோம். மலையிலேயே வாழும் ஓர் ஆசிரியர், ஒரு செவிலியர், மேல்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி என நிலைத்திருப்போர் சிலரேனும் தேர்வெழுதி உரிமம் பெற்றாலன்றி அரங்கு வெறும் வேடிக்கையே. ஆதலின் விழாவிற்குப் பின்னரும் பெயர் தந்தோரைத் தேடிச் சென்று, பாடங்களைத் தமிழில் விளக்கித் தேர்வுக்கு ஆயத்தம் செய்வதும் தொண்டரின் கடமையாகும். ஒரு நாள் தொண்டு எளிது. ஓராண்டுத் தொண்டே பயன் தருவது.

இதற்குக் கல்லூரி செய்ய வேண்டுவன சிலவே. நாட்டு நலப்பணித் திட்டத்தாரும் இயற்பியல், தமிழ்த் துறையினரும் இணைந்து ஓர் ஆர்வலர் வானொலி மன்றம் காணவேண்டும். ஆசிரியருள் இருவரேனும் முதலில் உரிமம் பெறவேண்டும். கருவிக்கும் மின்கலத்திற்கும் ஆகும் செலவைச் சமுதாயப் பெரியோர் ஏற்பாராயின் அது நெடுநாள் நின்று பயன்தரும் அறமாகும். 'தன்னார்வலர்' என்னும் சொல்லிலும் 'ஆர்வலர்' என்னும் சொல்லே அடங்கியிருக்கின்றது. அவ்விரு திறத்தாரும் ஓர் அரங்கில் ஒன்றி நிற்பார்களாயின், பாதை அறுந்த நாளிலும் மலையின் குரல் கீழே கேட்கும். வருகின்ற கல்வியாண்டிலேயே இப்பணியைத் தொடங்குவோம்.